சான்றிதழ் எண்: —

ஸ்மரான்டாவுக்கு முன்பு வேலை
ஏழாம் எண் டிராமில் டிக்கெட் பரிசோதனை.
பதினோரு வருஷம்
திமிஷோவாரா நகரத்துப் பொய்களை
நின்றபடியே கேட்டவள்.
"பயணம் செய்கிறவன் வேறு,
டிக்கெட் வைத்திருக்கிறவன் வேறு.
எனக்கு இரண்டாவது ஆள் போதும்" என்பாள்.

இப்போது எங்களோடு இரவுப் பணி.
பேகா கால்வாயைப் பார்த்த மூன்றாம் மாடி,
எட்டுத் திரை, கோளாறான காபி இயந்திரம்.
யார் கணினிக்குள்ளாவது யாராவது நுழைகிறார்களா என்று
விடியும்வரை பார்த்திருப்பது.
அவள் மேசைக்கு மேலே மூன்று சான்றிதழ்,
ரசமட்டம் வைத்து அடித்த ஆணிகளில்.
என் மேசைக்கு மேலே
ஏசி சொட்டிய கறை.

நான் பதினான்கு வயதில்
பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலுக்குள் புகுந்தவன்.
கணக்கில் பத்துக்கு நான்கு.
மாற்றவில்லை, பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.
அதற்கெல்லாம் பரீட்சை எழுதுவதா?
மூன்று வருஷத்தில் காலாவதியாகும் அறிவுக்கு,
பால் பாக்கெட் மாதிரி தேதி போட்ட அறிவுக்கு,
ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டுவதா?
ஏட்டுச் சுரைக்காய் என்று நான் சிரித்தால்
அவள் பக்கத்தைத் திருப்புவாள்,
பென்சிலைக் கடித்துக்கொண்டு.

பிப்ரவரி. லுகோஷ் பால் கூட்டுறவு.
அதிகாலை மூன்று பதினொன்று.
ஒரு பிரிண்டர் கடவுச்சொல் கேட்டது.
பிரிண்டர் ஏன் கேட்க வேண்டும்?
எச்சரிக்கை எதுவும் அடிக்கவில்லை,
ஒரு விளக்கும் சிவக்கவில்லை.
எனக்குப் பிடரி கூசியது, அவ்வளவுதான்.
காரில் ஒரு மணி நேரம், பனி.
குளிர்கிடங்கு வாசலில் காவலர் ஒக்டாவியன்
சாவிக் கொத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.
உள்ளே, ஒவ்வொரு கோப்பாக
அவசரமே இல்லாமல்
பூட்டிக்கொண்டு போனது எவனோ அனுப்பிய நிரல்.
நான் பிளக்கைப் பிடித்தேன்.

"கையை எடு."
டிராமிலும் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.
"அணைத்தால் நினைவகம் அழிந்துபோகும்.
வலைக் கம்பியைப் பிடுங்கு.
இயந்திரத்தை உறங்க வை, கொல்லாதே.
பூட்டியவனுடைய சாவி
இன்னும் அதற்குள்தான் கிடக்கும்."
உனக்கு எப்படித் தெரியும்?
"ஏழாவது அத்தியாயம்.
நான் இரண்டு தடவை தோற்றது அதில்தான்."

ஆறரை மணிக்குச் சாவி கிடைத்தது.
எட்டு லாரிப் பால் ஊருக்குள் கிளம்பியது.
ஒக்டாவியன் ஆளுக்கொரு கோப்பைத் தயிர் தந்தார்.
கரண்டி இல்லை, விரலால் வழித்துத் தின்றோம்.
சுரைக்காயைப் பற்றி அவள் பேசவில்லை.
நானும்தான்.

பிறகு அறிக்கைப் படிவம்.
கையெழுத்து: சான்று பெற்றவர் மட்டும்.
போட்டாள்.
"முதலில் கண்டறிந்தவர்" என்ற கட்டத்தில்
யாரும் சொல்லாமலே என் பெயரை எழுதினாள்.
ஹொரியா பெட்ரிலா.
பக்கத்துக் கட்டம் சான்றிதழ் எண்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஒரு கோடு இழுத்தாள்.

ஒன்பதாம் நாள் காப்பீட்டு நிறுவனம் கேட்டிருந்தது:
கோடு என்பவர் யார்?

இருவரும் சிரித்தோம்.
எனக்கு முன்னால் அவள் நிறுத்திவிட்டாள்.
"தப்பாகக் கேட்கவில்லை அவர்கள்.
லுகோஷில் பால் விற்கிறவனுக்கு
உன் பிடரி கூசுவது
எப்படித் தெரியும்?"

மே மாதம், தேர்வு மையம்.
பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டு,
சட்டைக் கையை மடி,
மூக்குக் கண்ணாடியைக் கழற்று.
டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன் மாதிரி
நின்றேன்.
தோற்றால் மறுபடி எழுத
மறுபடி பணம், அதையும் வாசித்துக் காட்டினார்கள்.
கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்று
கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.
ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நாற்பத்தோராவது.
கோப்புகள் பூட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன,
முதலில் என்ன செய்வீர்கள்?
நான்கு விடைகள்.
முதலாவது: மின் இணைப்பைத் துண்டிப்பேன்.

என் வலது கை
என்னைக் கேட்காமல்
அங்கேதான் போனது.