ஆறு தாள்

நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில்
பவளா படகின் கயிற்றை அறுக்கிறாள்.
ஒற்றைக் காதுப் பூனை சுக்கான்
அவளுக்கு முன்னே தாவி ஏறுகிறது.
தூரத்தில் வெளிச்சவீடு
ஒருதரம் கண்சிமிட்டி,

பிறகு பின்னட்டை.

கிழிந்த ஓரங்களை நகத்தால் எண்ணினேன்.
ஆறு தாள்.
ரயிலில் யாரோ அதைச் சுருட்டிக்
கடலை விற்றிருக்க வேண்டும்
(எந்தக் கடலை என்று கேட்காதீர்கள்),
இல்லாவிட்டால் அடுப்புப் பற்றவைத்து
தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும்.
என் பவளாவை எரித்து ஒரு தேத்தண்ணி!

நான் கடல் பார்த்ததில்லை.
எட்டாம் வகுப்பில் காலிக்குப் போகவிருந்த டிரிப்
காசு சேராமல் நின்றுபோனது.
ஆனால் விடியற்காலையில்
காசல்ரீப் பள்ளம் பனியால் நிரம்பும்போது
எங்கள் லயத்துத் தகரம் மட்டும் மேலே மிதக்கும்.
இஸ்தோப்பில் நின்று
பீலியடிக் குடங்களுக்குக் கட்டளையிடுவேன்:
பாயை இறக்கு!
கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டியபடி அம்மா
"எந்தப் பாயடி?" என்பாள்.
தம்பி இன்னும் அதில்தான் கிடப்பான்.

ஐந்து தரம் வாசித்துவிட்டேன்.
கணக்குக் கொப்பிக்குள் ஒருதரம்,
கரண்ட் போன ராத்திரி
போர்வைக்குள் டோர்ச் பிடித்து ஒருதரம்.
ஒவ்வொரு தரமும் அதே இடத்தில்
கையில் அறுந்த கயிறு.

ஒரு வியாழக்கிழமை, நோர்வூட்டில் ஏறிய பஸ்.
நீட்டிய காசைக் கண்டக்டர் வாங்கவில்லை.
அட்டையையே பார்த்தார்.
"சுக்கானுக்கு எந்தக் காது இல்ல, சொல்லு?"
"இடது."
"அப்ப உண்மையாத்தான் வாசிக்கிற."

பின்னட்டையில் ஒட்டிய துண்டில்
நாலு வரி ஒரே பெயர்:
எஸ். திலகேஸ்வரன், 9 பி.
"நான்தான்" என்றார்,
ஏதோ களவில் பிடிபட்டவர் மாதிரி.

முடிவைச் சொல்லுங்க அண்ணே.

சொன்னார்.
இடையில், பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க.
இடையில் ஒரு மீதிக்காசுச் சண்டை.
வெளிச்சவீட்டில் அவள் அண்ணன் இல்லையாம்.
அதற்கு முதல் வாரமே கப்பலேறிவிட்டானாம்.
பவளா திரும்பிப் போகவில்லை.
அந்த விளக்கை அவளே பொறுப்பெடுத்து
ராத்திரி ராத்திரி
மூன்று தரம் அணைத்து மூன்று தரம் ஏற்றுகிறாளாம்,
எந்தக் கடலில் இருந்தாலும்
அது தங்கச்சி என்று அவனுக்குத் தெரிய.

டிக்கோயாவில் இறங்கியபோது
தரை கொஞ்சம் ஆடியது.

மாசியில், அட்டன் நூலகத்தில்
அதே புத்தகம் முழுசாக இருந்தது.
நின்றபடியே கடைசிக்குப் புரட்டினேன்.
அண்ணன் இருக்கிறான். கட்டிப்பிடிக்கிறார்கள்.
வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா மீன் பொரிக்கிறாள்.
தலை சுக்கானுக்கு.
முற்றும்.

இவ்வளவுதானா?

திரும்பத் திரும்ப வாசித்தேன்.
பிறகுதான் உறைத்தது:
நாலு தரம் எடுத்தவர்
நாலு தரமும் அந்த ஆறு தாளைத்தான் தேடியிருக்கிறார்.
அவர் காலத்திலேயே அவை இல்லை.
அன்றைக்கு முன்சீட்டில் யாரோ
"கட்டார்ல இருந்து அண்ணன் பேசினானா?" என்று கேட்டதும்
அவர் பதில் சொல்லாமல்
பலமாக விசில் ஊதியதும் ஞாபகம் வந்தது.

புத்தகத்தை அதன் தட்டிலேயே வைத்தேன்.

அடுத்த வியாழன்
அவராகவே கேட்டார்,
"டவுன்ல முழுசு கெடச்சுதா?"
"இல்லண்ணே" என்றேன்,
வெளியே பார்த்துக்கொண்டு.
"ஒன்னு மட்டும் கேக்கணும்.
பூனைக்கு என்ன ஆச்சு?"

டிக்கட் புத்தகத்தால் தலையைச் சொறிந்தார்.
இரண்டு வளைவு போகும்வரை பேச்சில்லை.
மழை ஜன்னலைத் தட்டியது, யாரும் மூடவில்லை.

"சுக்கானா?" என்றார் பிறகு.
"அது பெரிய கதை."

நான் இறங்கவேண்டிய இடம் வந்தது,
போனது.