நான்காவது கேள்வி

போன டிசம்பரிலும் வந்தது வாசிப்புத் தாள்.
யாரோ ஒரு வடக்கத்தி ஆசிரியை
கண்விழித்து வரைந்து
இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று
உலகத்துக்கே நீட்டியிருந்தார்.
ஓர் அத்தியாயம் முடித்தால்
ஒரு பனித்துகளுக்கு நீலம் தீட்டலாம்.
பனிமனிதனின் தொப்பிக்குள் பத்துக் கடினச் சொற்கள்.
கணப்படுப்பின் பக்கத்தில் அமர்ந்து வாசி
என்றது கடைசி வரி.

இங்கே பிளஃபில்
இரவு ஒன்பதரைக்கும் வெயில் அணைவதில்லை.
ஐந்தும் ஆறும் சேர்ந்த என் வகுப்பில்
இருபத்திரண்டு பேரும்
வெயில்களிம்பு மணக்க
செருப்பைக் கதவோரம் உதறிவிட்டு
வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பதினோரு வருடமாக
வெள்ளை மையால் பனியை அழித்துவருகிறேன்.
வெள்ளையை வெள்ளையால் அழிப்பது
சுலபம் என்று நினைக்காதீர்கள்.
நகலெடுத்தால்
ஆள் போய்விடுவான், தொப்பி மட்டும் தப்பித்து
ஆகாயத்தில் தொங்கும்.

"மிஸ், இது யாரோட தொப்பி?"
என்றாள் ஐந்தாம் ஆண்டு ஹினேவை.

பதில் தெரியாமல்
எழுதுகோலை அவளிடமே தந்தேன்.
கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் என்று
பலகையில் நான் எழுதிவைத்ததை
உள்ளங்கையாலேயே துடைத்தாள்.
சிப்பிப் படகுகள் கிளம்பும் காலம்.
டீட்டிப் பறவைக்காகத் தீவுக்குப் போகும் காலம்.
வெண்குஞ்சு மீன் ஆற்றில் ஏறும் காலம்.
"அப்புறம்?"
"அப்புறம் காத்து, மிஸ். அது எல்லா மாசமும்."

அப்படிப் பிறந்தன எங்கள் தாள்கள்.
மார்ச்சுக்கு:
வாயை இறுக மூடிய வாக்கியம் ஒன்றைக் கண்டுபிடி.
கத்தியை எங்கே நுழைப்பாய்?
செப்டம்பருக்கு இன்னும் சரியாக வரவில்லை,
வலை வரைந்ததோடு நிற்கிறது.
ஏப்ரல் தாள் மட்டும் தடித்த காகிதத்தில்.
ஏனென்றால் ஏப்ரலில் ஏழு நாற்காலிகள் காலியாகும்.
சித்தி மாமா சகிதம் படகேறி
தங்கள் தீவுகளுக்குப் போய்விடுவார்கள் பிள்ளைகள்.
அந்த உரிமை
எங்கள் பள்ளி மணியைவிட மூத்தது.

ஜூன் முதல் வாரம் ஹினேவை திரும்பினாள்.
பறவைக்கொழுப்பில் ஊறி
தாள் கண்ணாடியாகியிருந்தது.
முன்பக்கக் கேள்வியும் பின்பக்கப் பதிலும்
ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

நான்காவது கேள்வி:
அந்தச் சிறுவன் ஏன் அழுதான்?
பென்சிலில் அவள்:
"புத்தகத்தில் இல்லை.
இறகு பிடுங்கும்போது எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன்.
பசி என்றாள் சித்தி.
பசி இல்லை, வெட்கம் என்றார் மாமா.
விளக்கு அணையும்வரை சண்டை.
இன்னும் முடியவில்லை."

மதிப்பெண் போடவில்லை.
அந்தப் பதிலுக்குக் கீழே
நாலு விரற்கடை வெற்றிடம் விட்டு
அறுபது நகல் எடுத்தேன்.
படகுத்துறைக் கடையில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய.
ஸ்டூவர்ட் தீவுப் பள்ளிக்கு
ஃபெரிக்காரர் கையில் ஒரு கட்டு.
மிச்சத்தை, பனித்துகள் அனுப்பியவரையும் சேர்த்து,
கண்ட திசைக்கெல்லாம் தள்ளிவிட்டேன்.
விலை இல்லை. அனுமதி வேண்டாம்.
கறை மட்டும் எங்களுடையது.

அக்டோபரில்
சஸ்காட்சுவானிலிருந்து ஓர் உறை.
பிரித்தால் எங்கள் தாள்.
சிப்பியை வெள்ளை மையால் அழித்திருந்தார்கள்.
அரை நிமிடம் சுருக்கென்றது, பொய் சொல்வானேன்.
சிப்பி இருந்த இடத்தில்
உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிசை ஒன்று.
வேலை சுத்தமில்லை.
ஓட்டின் விளிம்பு
கூரைக்கு மேலே
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை.
வெற்றிடத்தில் ஒன்பது கையெழுத்துகள்.
வெட்கத்துக்கு ஐந்து. பசிக்கு மூன்று.
ஒரு குழந்தை மட்டும்
"அவன் அழவில்லை, காற்று" என்று எழுதியிருந்தது.

ஹினேவை இரண்டு முறை படித்தாள்.
"மாமாகிட்ட காட்டணும்" என்று
நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.
ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று
நான் எழுவதற்குள்
மணி அடித்துவிட்டது.