எட்டு கிராம்

ஏலம் முடிந்து, விகோ துறைமுகத்திலிருந்து
நேரே கடைக்குப் போனேன்.
கையை மூன்று தரம் கழுவியிருந்தேன், எலுமிச்சை தேய்த்து.
ஆனாலும் பையனின் மூக்கு கொஞ்சம் சுருங்கியது.
அதற்காக அவனே வெட்கப்பட்டு
இரண்டு போன்களை அவசரமாக எடுத்து வைத்தான்.

இரண்டும் கறுப்பு. இரண்டும் வெறும் கண்ணாடி.
இதன் முதுகில் மூன்று கண்,
அதன் முதுகிலும் மூன்று.
விலையில் மட்டும் இருபது யூரோ வித்தியாசம்.
என்னப்பா வேறுபாடு என்றேன்.
ப்ரெய்ஷோ, சட்டையில் பெயர் குத்தியிருந்தது,
எண்களாகவே பதில் சொன்னான்.
எங்கள் ஏலக்காரர்கூட இவ்வளவு வேகமாக மத்தி விற்றதில்லை.
பல் வைத்தியர் முன்னால் ஆட்டுவதுபோல்
தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய போன் ஏப்ரன் பைக்குள்.
பதினோரு வருடம் அங்கேதான் அதன் குடித்தனம்.
ஐந்தாம் பொத்தானின் நடுவில் ஒரு சின்ன மேடு உண்டு,
அரிசிக் குருணை அளவு.
அங்கிருந்து கிளம்பி என் கட்டைவிரல்
எல்லா எழுத்துக்கும் போய் வீடு திரும்பும்.
கண் கணவாய்ப் பெட்டிமேல் இருக்கும்,
விரல் பைக்குள் எழுதும்:
விலை இறங்குது, பொறு.
போன மாதம் அது பனித் தொட்டியில் விழுந்தது.
இப்போது ஏழை அமுக்கினால் ஒன்பது வருகிறது,
ஒன்பதை அமுக்கினால் யோசிக்கிறது.

தொடுங்க சென்யோரா என்றான் பையன்.
தொட்டேன். ஒன்றும் இல்லை.
அழுத்தினேன்.
அழுத்தாதீங்க, தொட்டால் போதும்.
இருபத்தாறு வருடம் பனிக்கட்டிக்குள் போய்வந்த விரல் இது.
கண்ணாடியைப் பொறுத்தவரை
நான் கடைக்கு வரவே இல்லை.
வாயால் ஊதிச் சூடாக்கி மறுபடி தொட்டேன்.
மூன்று ஜன்னல் சேர்ந்து திறந்தன,
யாரோ கால்பந்து வர்ணனை செய்தார்,
பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

சரி, எனக்குத் தெரிந்ததைச் செய்வோம்.
வலது கையில் ஒன்று. இடது கையில் ஒன்று.
கண்ணை மூடிக்கொண்டேன்.
இடது கையில் இருப்பது எட்டு கிராம் கூட என்றேன்.
சிரித்தான்.
அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தான்.
சிரிப்பை நிறுத்தினான்.
நூற்றுத் தொண்ணூற்றேழு. இருநூற்றைந்து.
ஒரு நெத்திலி எடை தம்பி,
இருபது யூரோவுக்கு ஒரு நெத்திலி,
எங்கள் சந்தையில் இதற்கு அடி விழும்.

ஆனால் எடையைப் பார்த்து நான் எடுக்கவில்லை.
எழுதிப் பாருங்கள் என்று
விசைப்பலகையைத் திறந்து கொடுத்தான்.
விலை கூடினது ஊமை. தொடுகிறேனா இல்லையா,
எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.
மலிவானதோ ஒவ்வொரு எழுத்துக்கும்
விரலடியில் ஒரு துடிப்பு துடித்தது,
தூண்டில் நுனியில் எதுவோ
இரையை முகர்ந்து பார்ப்பதுபோல.
மேடு இல்லை, சரி.
துடிப்பாவது இருக்கிறதே.
இது என்றேன்.
அதில் அந்தத் துடிப்பை ஆன் செய்துகொள்ளலாம் சென்யோரா,
இரண்டும் ஒன்றுதான் என்றான், நேர்மையான பையன்.
முதலில் பேசியதை வாங்குகிறேன், விடு.

வெளியே மழை. விகோவில் வேறென்ன பெய்யும்.
பெட்டிக்குள் வைக்க மனமில்லாமல்
கையில் பிடித்தபடி நின்றேன்.
முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. ஏதோ திறந்தது.
என்னை ஊத வைத்த கண்ணாடி
மழைக்கு உடனே கதவைத் திறக்கிறது!
துடைத்தேன், பெயர்கள் ஓடின.
இன்னொரு துளி.
மணி அடிக்கிறது.
எர்மிந்தா.
மீன்பெட்டித் தகராறுக்குப் பின்
ஏழு வாரமாக முகம் திருப்பிக்கொள்ளும் எர்மிந்தா.
சிவப்புப் பொத்தானை அமுக்குகிறேன், விரல் ஈரம்,
கண்ணாடிக்கு மறுபடி நான் இல்லை.

சாபேலா? நீயா?

நான் இல்லை, மழை என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மழைச் சத்தம்.
பிறகு அவள் பெட்டி விஷயத்தை
முதலிலிருந்து ஆரம்பித்தாள்.