இரண்டாம் வாசகம்

எலத்தகிரிக் கோயிலில்
இன்று இரண்டாம் வாசகம் எனக்கு.
ஆள்கிறவர்களுக்காக மன்றாடச் சொல்கிறார் சின்னப்பர்.
முன்வரிசையில் கரைவேட்டி மச்சான் இஞ்ஞாசி
தலையாட்டுகிறான்,
கட்சித் தீர்மானம் வாசித்ததுபோல.

வீட்டு பைபிளில்
தாசில்தார் நோட்டீசை
நாபோத்தின் பக்கத்தில் செருகிவைத்திருக்கிறேன்.
ராஜா கேட்டது அவன் திராட்சைத் தோட்டம்.
என்னிடம் பெங்களூரா, நாற்பத்தொரு மரம்.
கொடுக்கமாட்டேன் என்றவன்மேல்
பொய்ச்சாட்சி சொன்னவர்கள்
வெளியூர் இல்லை.

ஆண்டவரின் அருள்வாக்கு என்று முடித்தேன்.
எல்லோரும் நன்றி சொன்னார்கள்,
இஞ்ஞாசி கொஞ்சம் சத்தமாக.

படியிறங்கும்போது கேட்டான்:
"என்ன மாமா, வேதமே சொல்லிடுச்சு.
கையெழுத்து எப்போ?"

"இந்த அதிகாரம் முடியட்டும்" என்றேன்.
எந்த அதிகாரம் என்று
அவன் கேட்கவில்லை.

கவாத்துக்கு ஆள் சொல்லியிருந்தேன்.
வெயில் ஏறிவிட்டது.