மூன்று விநாடி

நகராட்சி நூலகத்தில் இரவல் எடுத்தது.
அட்டையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன்
இரண்டு கையையும் விரித்து
இல்லாத தர்பூசணி ஒன்றைப் பிடித்திருந்தான்.
மேடை பயம் போக இருபத்தொரு நாளாம்.
என்னிடம் இருந்தது பதினொன்று.

புவேர்ட்டோ மோன்ட்டில் மழை விட்டால்தான் செய்தி.
இரவு ஷிஃப்ட் முடிந்து, கையுறை கழற்றி,
சால்மன் செதில் ஒட்டிய விரலால் பக்கம் புரட்டினேன்.

எனக்கு முன் யாரோ பென்சிலோடு படித்திருக்கிறார்.
'புன்னகையோடு தொடங்குக': அடியில் கோடு.
'கண்ணைப் பார்த்துப் பேசுக': இரட்டைக் கோடு,
ஓரத்தில் சின்னதாக, யாருடைய கண்ணை?
நாற்பத்தேழாம் பக்கத்தோடு பென்சில் நின்றுவிட்டது.
வேலை கிடைத்ததா, மனசு விட்டுப்போனதா,
கோடு சொல்லவில்லை.

கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கச் சொன்னது புத்தகம்.
எங்கள் வீட்டுக் கண்ணாடி கழுத்தோடு சரி;
கையை எங்கே வைப்பதென்று அதற்கென்ன தெரியும்?
குளிர் அறையில் பழகினேன்.
பனிக்கட்டி மேல் நானூறு மீன்,
எல்லாம் வாய் திறந்து,
ஒன்றும் குறுக்கே பேசாமல்.
"மதிப்புக்குரிய மேலாளர்களே" என்றேன்.
பின்னால் கம்ப்ரெசர் இருமியது.

அந்த இருமலைப் பற்றித்தான் அறிக்கை.
எட்டு மாதம், எட்டுத் தாள் எழுதிக் கொடுத்தேன்.
எட்டும் ஒரே கோப்பில்
போர்த்திக்கொண்டு தூங்கின.

வியாழக்கிழமை. நீள மேசை. காப்பி.
பாரியென்டோஸ் கைபேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
முதல் சிலைடு. புன்னகை வந்தது, கோணலாக.
இரண்டாம் வாக்கியத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஒரு கதையோடு தொடங்கவேண்டும்; கதை மறந்தது.
மூன்று குறிப்பு; மூன்றும் போயிற்று.
மிஞ்சியது அறுபத்திரண்டாம் பக்கம்,
பென்சில் தொடாத ஒரு வரி:
'தடுமாறினால் நிறுத்து. மூன்று விநாடி.'

நிறுத்தினேன்.

ஒன்று.
யாரோ கரண்டியைத் தட்டில் வைத்தார்.
இரண்டு.
மூன்று வருமுன்
சுவருக்கு அப்பால் அது இருமியது,
நீளமாக, சளி கட்டிய கிழட்டு நாய்போல,
காப்பிக் கோப்பைகள் லேசாக நடுங்க.

பாரியென்டோஸ் தலை நிமிர்ந்தார்.
"ஓயார்சோ, என்ன சத்தம் அது?"

"அதுதான் என் அறிக்கை ஐயா."

இந்த வாக்கியம் புத்தகத்தில் இல்லை.

கம்ப்ரெசரை மாற்றினார்கள்.
மேற்பார்வையாளர் பதவி இதுர்ராவுக்குப் போனது.
அவன் நன்றாகப் பேசுவான், நிஜமாகவே நன்றாக;
வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
வாழ்த்து சொன்னேன், கண்ணைப் பார்த்து.
அவன்தான் முதலில் பார்வையைத் திருப்பினான்.

புத்தகம் ஆறு நாள் தாமதம். அபராதம் கட்டவேண்டும்.
உள்ளே போகுமுன் நூலகப் படியில் நின்று,
பக்கத்தில் மழை சொட்டாமல் முதுகால் மறைத்து,
அறுபத்திரண்டில் ஒரு கோடு போட்டேன்.
ஓரத்தில், இனி இதைத் திறக்கப்போகாத
அந்தப் பென்சில்காரருக்கு எழுதினேன்:
பதினைந்து பக்கம்தான் பாக்கி இருந்தது.