தியத்தலாவை, இரண்டாம் ஆட்டம்

மேடை என்றால் இரண்டு லொறி,
பின்பலகை இறக்கி, பின்னோடு பின்னாய்.
ஏடனும் பஸ்ராவும் பார்த்துவிட்டு வந்த
பபூன் சவரிராயன் நான்.
இங்கே பார்க்க ஆளே இல்லை.
மூடுபனி;
முன்வரிசை பூட்ஸுகள் மட்டும்
கழற்றி வைத்தாற்போல.

மாமியாரின் பல்செட்டை எடுத்துவிட்டேன்.
இடப்பக்கம் மதுரைப் பையன்கள் உடனே சிரித்தார்கள்.
வலப்பக்கம் ஆப்பிரிக்கப் படை.
சார்ஜன் ஒருவர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்
நான் அடுத்த கதையில் பாதி போயிருப்பேன்.
அப்போது வந்து மோதும் சிரிப்பு,
சரியாக என் ஒப்பாரியில்.
ஆர்மோனியம் குப்புராவ் பல்லைக் கடித்தார்.

தன் செருப்பையே திருடியவன் கதைக்கு மட்டும்
இரண்டு பக்கமும் மௌனம்.
எட்டு வருஷமாய்த் தவறாத கதை.

ராத்திரி, தகரக் கொட்டகை. தூக்கம் வரவில்லை.
இரண்டு மணிக்கு லொறிகள் இறங்கின
விளக்கில்லாமல்.
எங்கே என்று யாரும் சொல்லவில்லை.
'பர்மா' என்றார் குப்புராவ், போர்வைக்குள்ளிருந்து.

ஏழாவதோ எட்டாவதோ லொறியில்
ஒருத்தன் சட்டென்று வெடித்துச் சிரித்தான்.
யாரோ என்னவென்று கேட்பது கேட்டது,
பிறகு அவனும்.
பண்டாரவளை வளைவுவரை.

'குப்புராவ், அந்தச் செருப்புக் கதை...' என்றேன்.

'தூங்கும் ஓய்.'