இரண்டு எப்போது

நான்காவது வாரம் வினைச்சொல்லின் வாலை வெட்டினோம்.
நெரிவோக் என்றால் அவன் சாப்பிடுகிறான்.
வோக்கை எறி. வா ஒட்டு.
நெரிவா, சாப்பிடுகிறானா.
அவ்வளவுதான் என்றார் மாலை வகுப்பு ஆசிரியை,
ஹாலிபட்டுக்குத் தலை எடுப்பதைவிடச் சுலபம்.

எனக்குப் பிடித்துப்போயிற்று.
எங்கள் பத்தாங்காஸில் வாக்கியத்துக்கு நடுவே
ஒரு பா போட்டால் கேள்வி.
நான்கு விமானம் மாறி வந்த ஊரில்
என் பாவுக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி.

ஆனால் குரல்!
எதைக் கேட்டாலும் என் குரல் மாடிப்படி ஏறுகிறது.
உம்மன்னாக்கில் கேள்வி ஏறாது.
கடைசிக்கு முந்தைய அசையில் எட்டிப் பார்த்துவிட்டு
கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.
பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் பொலெட்டே
கத்தியை நிறுத்தாமல் மூக்கைச் சுருக்குவாள்.
மூக்குச் சுருங்கினால் இல்லை,
புருவம் உயர்ந்தால் ஆம்.
இயந்திர இரைச்சலில் எங்களுக்கு அது போதும்.

எப்போது என்பதற்கு இங்கே இரண்டு சொல்.
நடந்ததைக் கேட்க கங்ஙா.
நடக்கப்போவதைக் கேட்க ககுகு.
தேர்வில் மாற்றி எழுதிவைத்தேன்,
கப்பல் நேற்று எப்போது வரும் என்று.
வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
காற்று திரும்பி, ஃபியோர்டின் பனித்தளத்தைப் பிளந்து
ஒரு பாதியைக் கடலுக்குக் கொண்டுபோனது.
பொலெட்டேயின் ஏனொக் அந்தப் பாதியில்.
பதினோரு நாய்கள், ஒரு தூண்டில் கயிறு, ஒரு பிளாஸ்க்.
எடைமேடையில் அன்று யாரும் மீன் இறக்கவில்லை.
பெல்ட்டை நிறுத்தினார்கள்.
அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல்
ஜன்னலோரம் நின்றாள்.

ஏதாவது கேட்டாக வேண்டும்.
திகிப்பா, வந்துவிட்டானா? வரவில்லை, அது தெரியும்.
எப்போது என்று கேட்கலாம். எந்த எப்போது?
என் மொழியாக இருந்தால்
அதன் ஒற்றை எப்போதுக்குள் ஒளிந்துகொள்வேன்.
க என்றேன்.
இரண்டுக்கும் தொடக்கம் அதுதான்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
அந்த ஓர் எழுத்தின்மேல் நான் நின்றது
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ககுகு திகிஸ்ஸவா.
முதல் தடவையாக என் குரல் தானாகவே இறங்கியது.

நலுவரா என்றாள். தெரியாது.
மூக்கு மட்டும் சுருங்கவில்லை.

வியாழன் விடியுமுன் நடந்தே வந்து சேர்ந்தான்.
நான்கு நாய் குறைவு, வலது காது கறுத்து.
அதைப் பற்றி அவள் என்னிடம் பேசவேயில்லை.
கத்தி தீட்டிக்கொண்டே,
உன் ககுகுவில் அந்தக் க சரியில்லை,
இன்னும் கீழேயிருந்து வரவேண்டும்,
சிக்கிய முள்ளை வெளியே தள்ளுவதுபோல என்றாள்.

பிறகு தலை நிமிராமல்:
ககுகு அஙெர்லஸ்ஸவித்.

குரல் இறங்கி முடிந்ததால்
ஏதோ செய்தி சொல்கிறாள் என்று நினைத்து
மிச்சத்துக்குக் காத்திருந்தேன்.
இரண்டு மீன் என்னைத் தாண்டிப் போயின.
அப்புறம்தான் உறைத்தது,
நீ எப்போது ஊருக்குப் போவாய்.

புருவமும் உதவாது, மூக்கும் உதவாது.
இம்மகா என்றேன். இருக்கலாம்.

எப்போதுக்கு அது பதிலா, மாரிவிக் என்று
அடுத்த மீனை என் பக்கம் தள்ளினாள்.